சாலைக்கு அடியில் ஏற்கெனவே இருக்கும் சென்சார்களை வைத்து ஃப்ரீவேயின் செயல்திறனை அளக்க முடியுமா?

கேள்வி இப்படி வந்திருக்கிறது: "கலிஃபோர்னியா ஃப்ரீவேக்களில் லேனுக்கு லேன் கம்பி வளையங்கள் பதித்திருக்கிறார்கள். அவை வண்டி வருவதைத்தான் கண்டுபிடிக்கும், வேகத்தை அளக்காது என்று படித்தேன். பிறகு வேகம், தாமதம், பயண நேரம் என்று அதே வளையங்களிலிருந்து எப்படி எண்கள் வருகின்றன? அவற்றை நம்பலாமா, இல்லை புதுக் கருவிகள் வாங்கித்தான் தீர வேண்டுமா?" இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. சென்சார் சொல்வது சரியா என்பது ஒன்று. ஒரு சாலை நன்றாக இயங்குகிறது என்று எதை வைத்துச் சொல்வது என்பது இன்னொன்று. முதல் கேள்வியைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். ஆனால் கூட்டங்களில் சண்டை வருவதெல்லாம் இரண்டாவதில்தான்.

போக்குவரத்து டேட்டாவோடு நெடுநாள் மல்லுக்கட்டியவன் என்ற முறையில் என் பதில்: அளக்கலாம், தாராளமாக அளக்கலாம். ஆனால் அதே சென்சாரிலிருந்து வரும் எண்களில் சிலவற்றைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக்கொள்ளலாம், சிலவற்றைச் சந்தேகத்தோடு பார்க்க வேண்டும், சிலவற்றை எடுக்கவே கூடாது. எது எந்த வகை என்பது அந்த எண் எப்படிப் பிறக்கிறது என்று தெரிந்தால்தான் புரியும். அதனால் கொஞ்சம் பொறுமையாகத் தரையிலிருந்தே தொடங்குகிறேன்.

தார் அல்லது கான்கிரீட் தளத்தை ரம்பத்தால் கீறி, சுமார் 6 அடிக்கு 6 அடி அளவில் ஒரு பள்ளம் எடுத்து, அதில் மூன்று நான்கு சுற்றுக் கம்பியைப் பதித்து மேலே பசை ஊற்றி மூடியிருப்பார்கள். கம்பியின் இரு முனைகளும் சாலையோரத்தில் நிற்கும் இரும்புப் பெட்டிக்குள் போகும். பெட்டிக்குள் இருக்கும் அட்டை, அந்தக் கம்பியில் மாறுமின்னோட்டத்தை ஓடவிட்டுக்கொண்டே இருக்கும். மேலே ஒரு வண்டி வந்தால் அதன் உலோக அடிப்பாகத்தில் சுழல் மின்னோட்டம் உண்டாகி வளையத்தின் தூண்டல் குறையும், அலைவெண் ஏறும். அந்த ஏற்றம் ஒரு வரம்பைத் தாண்டினால் அட்டை "ஆள் இருக்கிறது" என்கிறது. வண்டி போனதும் "இல்லை" என்கிறது. வளையத்துக்குத் தெரிந்தது அவ்வளவுதான். கலிஃபோர்னியாவில் கன்ட்ரோலர் இந்த இருக்கிறது, இல்லை என்பதை நொடிக்கு 60 முறை பார்த்து, 30 நொடிக்கு ஒருமுறை லேனுக்கு இரண்டே இரண்டு எண்களை அனுப்பும்: எத்தனை வண்டி கடந்தது, அந்த 30 நொடியில் எவ்வளவு பங்கு நேரம் வளையத்தின் மேல் வண்டி இருந்தது. இந்த இரண்டாவதைத்தான் ஆக்குபன்சி என்கிறோம்.

இந்த இரண்டு எண்களிலிருந்து வேகம் எப்படி வருகிறது? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு லேனில் 30 நொடியில் 14 வண்டிகள், ஆக்குபன்சி 12 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 14 வண்டி என்றால் மணிக்கு 1,680 வண்டிகள். ஒரு சராசரி வண்டி வளையத்தை 22 அடி நீளத்துக்கு "மறைக்கிறது" என்று எடுத்துக்கொண்டால் (வண்டி 16 அடி, வளையம் 6 அடி), 5,280 அடி கொண்ட ஒரு மைலில் 12 சதவீதத்தை 22 அடித் துண்டுகளாகப் பிரித்தால் மைலுக்குச் சுமார் 29 வண்டிகள் வரும். 1,680ஐ அதனால் வகுத்தால் மணிக்கு 58 மைல். சரி, இப்போது அதே லேனில் லாரிகள் கொஞ்சம் அதிகம், சராசரி நீளம் 22 இல்லை, 26 அடி என்று வைத்துப் பாருங்கள். அதே 14 வண்டி, அதே 12 சதவீதம், ஆனால் வேகம் 69 மைல்! சென்சார் அனுப்பியதில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. மாறியது நாம் ஊகித்த நீளம் மட்டும்.

இந்த ஊக நீளத்துக்கு ஜி-ஃபாக்டர் என்று பெயர். ஒற்றை வளையத்திலிருந்து வரும் எந்த வேகத்துக்கும் இதுதான் ஆணிவேர். இது ஓரிடத்தில் நிற்காது. வலது லேனில் லாரி அதிகம், இடது லேனில் குறைவு. நள்ளிரவுக்குப் பிறகு லாரியின் பங்கு ஏறும், காலை நெரிசலில் இறங்கும். போதாக்குறைக்கு, ஒவ்வொரு அட்டையின் உணர்திறனும் ஒவ்வொரு மாதிரி வைக்கப்பட்டிருக்கும். உணர்திறன் கூடினால் வண்டி வளையத்தைத் தொடுவதற்கு முன்பே "இருக்கிறது" என்று சொல்லிவிடும், அதாவது வண்டி நீண்டுவிடும். அதனால் ஒரே எண்ணை மாநிலம் முழுவதற்கும் போடுவது தப்பு. வளையத்துக்கு வளையம், மணிக்கு மணி தனித்தனியாகக் கணக்கிட வேண்டும்.

எப்படிக் கணக்கிடுவது என்று கேட்டால் அங்கேதான் ஒரு சூட்சுமம் இருக்கிறது, பலரும் இதைக் கவனிப்பதில்லை. சாலை காலியாக இருக்கும்போது வண்டிகள் ஏறத்தாழ எந்த வேகத்தில் போகும் என்பது நமக்குத் தெரியும் என்று முதலில் வைத்துக்கொள்கிறோம். அந்த வேகத்தைச் சமன்பாட்டில் போட்டு, நீளத்தைப் பின்னோக்கிக் கண்டுபிடிக்கிறோம். பிறகு அந்த நீளத்தை வைத்து நெரிசல் நேரத்து வேகத்தைக் கணிக்கிறோம். ஆக, விடியற்காலை 4 மணிக்குத் திரையில் தெரியும் 65 மைல் என்பது பெரும்பாலும் நாமே உள்ளே போட்ட எண்தான், திரும்பி நம்மிடமே வருகிறது. நெரிசலில் தெரியும் 25 மைல்தான் உண்மையில் சென்சார் சொன்ன சேதி. காலிச் சாலையில் ஜனங்கள் எவ்வளவு வேகமாகப் போகிறார்கள் என்று ஒற்றை வளைய டேட்டாவை வைத்து யாராவது ஆராய்ச்சி செய்தால், அதைப் படிக்காமல் கடந்துவிடுங்கள்.

இன்னொன்று, 30 நொடி என்பது ரொம்பக் குறுகிய காலம். இரவில் அந்த நேரத்தில் இரண்டே வண்டி கடக்கும், அதில் ஒன்று 70 அடி டிரெய்லர் என்றால் கணக்கு காட்டும் வேகம் கேலிக்கூத்தாக இருக்கும். அதனால் போக்குவரத்து குறைவாக இருக்கும்போது பழைய மதிப்புகளோடு அதிகமாகக் கலந்து சமனப்படுத்தி, நிறைய வண்டி ஓடும்போது புது மதிப்புக்கு அதிக எடை கொடுப்பார்கள். பிறகு 5 நிமிடத் தொகுப்பாக்குவார்கள். 5 நிமிடம், நல்ல போக்குவரத்து, ஒழுங்காகக் கணித்த ஜி-ஃபாக்டர் மூன்றும் கூடிவந்தால், நெரிசலா இல்லையா, எப்போது தொடங்கியது, எப்போது கலைந்தது என்பதைத் தைரியமாகச் சொல்லலாம். 52 மைலா 55 மைலா என்று சண்டை போட முடியாது.

சில இடங்களில் ஒரே லேனில் சில அடி இடைவெளி விட்டு இரண்டு வளையங்கள் இருக்கும். முதலாவதைத் தொட்ட நேரத்துக்கும் இரண்டாவதைத் தொட்ட நேரத்துக்கும் உள்ள வித்தியாசத்திலிருந்து வேகம் நேரடியாகவே கிடைக்கும், வண்டி நீளமும் சேர்ந்தே கிடைக்கும். உங்கள் ஆர்வத்துக்குரிய வழித்தடத்தில் அப்படி ஓரிரு நிலையங்கள் (ஓரிடத்தில் எல்லா லேன்களிலும் சேர்ந்த வளையங்களின் தொகுப்பைத்தான் நிலையம் என்கிறோம்) இருந்தாலே அதிர்ஷ்டம்தான், பக்கத்து ஒற்றை வளையங்களைச் சரிபார்க்க அவை உரைகல்லாகும். ஆனால் அங்கே சராசரியை எப்படி எடுக்கிறார்கள் என்று கேளுங்கள். ஒரு வண்டி 60 மைலிலும் ஒன்று 30 மைலிலும் போனால் கூட்டிப் பாதியாக்கி 45 என்பார்கள். ஒரு மைலைக் கடக்க முதல் வண்டிக்கு 1 நிமிடம், அடுத்ததற்கு 2 நிமிடம். இரண்டும் சேர்ந்து 3 நிமிடத்தில் 2 மைல், அதாவது 40தான். போக்குவரத்து ஆய்வாளர் வார்ட்ராப் 1952-லேயே இந்த இரண்டு சராசரிகளையும் பிரித்துக் காட்டிவிட்டார். பயண நேரத்துக்கும் தாமதத்துக்கும் வேண்டியது 40. நெரிசலில் வேகங்கள் தாறுமாறாகச் சிதறும்போது இந்த வித்தியாசம் சின்னதாக இருக்காது.

கணக்குக்கு முன்னால் இன்னொரு தலைவலி: சென்சார் உயிரோடு இருக்கிறதா? தளம் வெடித்தால் கம்பி அறும். புதிதாகத் தார் போட மேல்தளத்தைச் சுரண்டும்போது வளையமும் போகும். பெட்டியிலிருந்து டேட்டா வரும் தொடர்பு துண்டிக்கப்படும். செம்புக் கம்பியைத் திருடிக்கொண்டு போவார்கள். எந்த நேரத்திலும் மூன்றில் ஒரு பங்கு வளையங்கள் வரை பயன்படாமல் கிடப்பது இந்தத் துறையில் யாருக்கும் அதிர்ச்சி தரும் செய்தியில்லை. இருந்தும் முழுதாகச் செத்த வளையம் பரவாயில்லை, அது பேசாது. பாதி உயிரோடு இருப்பதுதான் ஆபத்து. பக்கத்து லேன் வண்டியையும் சேர்த்து எண்ணும். உயரமான டிரெய்லரின் நடுப்பகுதி தெரியாமல் ஒரே லாரியை இரண்டாக எண்ணும். "இருக்கிறது" நிலையிலேயே ஒட்டிக்கொண்டு, காலிச் சாலையில் நாள் முழுக்க நெரிசல் என்று சாதிக்கும்.

இவற்றைப் பிடிக்க ஒரு 30 நொடி மாதிரியைத் தனியாகப் பார்த்துப் பயனில்லை. ஆக்குபன்சி பூஜ்யம் என்பது பழுதாகவும் இருக்கலாம், உண்மையாகவே வண்டி வராமலும் இருக்கலாம். நாள் முழுக்கப் பார்த்தால் வண்டவாளம் தெரிந்துவிடும். கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகக் குழுவினர் கையாண்ட முறை இதுதான்: காலை 5 முதல் இரவு 10 வரை உள்ள மாதிரிகளை எடுத்து, எத்தனை முறை ஆக்குபன்சி பூஜ்யம், எத்தனை முறை ஆக்குபன்சி இருந்தும் வண்டி எண்ணிக்கை பூஜ்யம், எத்தனை முறை ஆக்குபன்சி 35 சதவீதத்துக்கு மேல், நாள் முழுக்க எண்கள் போதுமான அளவு மாறுகின்றனவா என்று நான்கு கேள்விகள் கேட்பார்கள். தேறாத வளையம் அன்றைக்குக் கெட்டது. எளிமையான முறைதான், ஆனால் பெரும்பாலான பழுதுகளை இதுவே பிடித்துவிடுகிறது.

இந்தச் சோதனையில் மாட்டாத ஒரு வகை உண்டு, அதைச் சொல்லியே ஆக வேண்டும். வளையம் நன்றாக வேலை செய்யும், ஆனால் பெட்டிக்குள் கம்பிகள் இடம் மாறி இணைக்கப்பட்டிருக்கும். 1ஆம் லேனின் எண்கள் 4ஆம் லேன் என்ற பெயரில் வரும். எண்களைப் பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. அதிகாலை 3 மணிக்கு எந்த லேனில் ஒரு வண்டிக்கான ஆக்குபன்சி அதிகம் என்று பார்த்தால் பிடிபடும். லாரிகள் ஓட அனுமதியில்லாத இடது ஓர லேனில் லாரி நீளம் தெரிந்தால் கதை வேறு என்று அர்த்தம். இதைவிட மோசம், எதிர்த்திசை நிலையத்தோடு பெயர் மாறிப்போவது. காலை நெரிசல் மாலையில் தெரியும். இதற்கு எனக்குத் தெரிந்த நல்ல மருந்து எண்ணிக்கைச் சமன் சோதனை: நடுவில் ஏறுவழியோ இறங்குவழியோ இல்லாத இரண்டு நிலையங்களின் நாள் மொத்தம் ஏறத்தாழ ஒன்றாக இருக்க வேண்டும். ஓரிரு சதவீதம் முன்பின் இருந்தால் சரி. 10 சதவீதம் என்றால் யாரோ ஒருவர் பொய் சொல்கிறார். மூன்றாவது நிலையத்தையும் சேர்த்துப் பார்த்தால் அது யார் என்று தெரியும்.

கெட்டதை ஒதுக்கியபின் ஓட்டை விழும். அதைப் பக்கத்து லேன், முந்தைய நிலையம், அடுத்த நிலையம் ஆகியவற்றோடு அந்த வளையத்துக்கு நல்ல நாட்களில் இருந்த உறவை வைத்து நிரப்புவார்கள். அக்கம்பக்கம் உயிரோடு இருந்தால் நிரப்பிய எண் நன்றாகவே இருக்கும். அக்கம்பக்கமும் போய்விட்டால் கடந்த சில மாதத்து அதே கிழமை, அதே மணியின் வழக்கமான மதிப்பை எடுத்து வைப்பார்கள். அப்படி வைத்த எண்ணில் நேற்று நடந்த விபத்து தெரியவே தெரியாது. அதனால் எந்த வரைபடத்தைப் பார்த்தாலும் இதில் எத்தனை சதவீதம் சென்சார் நேரடியாகச் சொன்னது என்று முதலில் பாருங்கள். கலிஃபோர்னியாவின் ஃப்ரீவே டேட்டாவைத் திரட்டும் பெம்ஸ் என்ற முறைமை இதை எண்ணோடு சேர்த்தே காட்டுகிறது. நான் மதிக்கும் பழக்கம் இது.

பெம்ஸ் பற்றி இரண்டு வரி. ஃப்ரீவே செயல்திறன் அளவீட்டு முறைமை என்பது அதன் முழுப்பெயரின் பொருள். மாநிலப் போக்குவரத்துத் துறையான கால்ட்ரான்ஸுக்காக 1990களின் கடைசியில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பிரவீன் வரையா குழுவினர் தொடங்கியது. அதற்கு முன்பு நெரிசலை அளக்க, ஆண்டில் சில நாட்கள் ஆட்களைக் காரில் ஏற்றிச் சாலையில் ஓட்டச் சொல்லி நேரம் குறிப்பார்கள். வேகம் 35 மைலுக்குக் கீழே 15 நிமிடத்துக்கு மேல் நீடித்தால் நெரிசல் என்று கணக்கு. அந்தச் சில நாளில் ஒன்றில் மழையோ விபத்தோ வந்துவிட்டால் அந்த ஆண்டின் எண்ணே அதுதான்! ஏறுவழி சிக்னல்களை (ஃப்ரீவேக்குள் நுழையும் வண்டிகளை அளவாக விடும் சிக்னல்கள்) இயக்குவதற்காகப் பதித்த வளையங்களின் டேட்டா அதுவரை பயன்பட்ட மறு நொடியே வீணாகிக்கொண்டிருந்தது. அதைச் சேமித்து, சுத்தம் செய்து, யார் வேண்டுமானாலும் பார்க்கத் திறந்துவிட்டார்கள். இன்றைக்கு 40 ஆயிரத்துக்குச் சற்று முன்பின்னான சென்சார்கள் அதில் சேர்கின்றன. ஆக, புதுக் கருவி வாங்காமல் முடியுமா என்ற உங்கள் கேள்விக்கு நடைமுறையில் விடை கிடைத்துக் கால் நூற்றாண்டு ஆகிவிட்டது.

இப்போது இரண்டாவது கேள்வி. ஒவ்வொரு நிலையத்துக்கும் முன்னும் பின்னும் பாதித் தூரத்தைக் கொடுத்துச் சாலையைத் துண்டுகளாக்குவோம். அரை மைல் துண்டு, நான்கு லேன், 5 நிமிடத்தில் 600 வண்டி, வேகம் 30 மைல் என்று வையுங்கள். 600 வண்டி அரை மைல் வீதம் 300 வண்டி-மைல் ஓடியிருக்கின்றன. அதை 30-ஆல் வகுத்தால் 10 வண்டி-மணி செலவாகியிருக்கிறது. 60 மைலில் போயிருந்தால் 5 மணிதான் ஆகியிருக்கும். ஆகவே தாமதம் 5 வண்டி-மணி. ஆனால் "35 மைலில் போனாலே போதும், அதற்குக் கீழேதான் தாமதம்" என்று ஒருவர் சொன்னால், அதே 5 நிமிடத்தின் தாமதம் 1.4 வண்டி-மணிதான். இரண்டு அளவும் புழக்கத்தில் இருக்கின்றன. ஒரு செய்தியில் தாமதம் பாதியாகிவிட்டது என்று படித்தால், எந்த வேகத்தோடு ஒப்பிட்டார்கள் என்று தெரியாமல் மகிழ்ச்சியடையவும் வேண்டாம், கோபப்படவும் வேண்டாம்.

எனக்குத் தாமதத்தைவிடப் பிடித்த அளவு வேறு. நெரிசல் வந்ததும் சாலை தன் கொள்ளளவையே இழக்கிறது. ஒரு நிலையத்தில் லேனுக்கு மணிக்கு 2,000 வண்டி வரை போய்க்கொண்டிருந்தது, ஓட்டம் உடைந்து நெரிசலானபின் 1,600தான் போகிறது என்றால், நான்கு லேன் கட்டிய இடத்தில் மூன்றேகால் லேனுக்கும் குறைவாகத்தான் வேலை செய்கிறது. அதிகம் தேவைப்படும் நேரத்தில் இருக்கும் சாலையே சுருங்குகிறது. இந்த இழந்த லேன்களை மைலாலும் மணியாலும் பெருக்கிக் கூட்டினால், அகலப்படுத்தாமல் மீட்கக்கூடியது எவ்வளவு என்று ஒரு மதிப்பீடு கிடைக்கும். இதற்கு வேகம் அதிகம் தேவையில்லை, எண்ணிக்கை போதும். எண்ணிக்கைதான் வளையம் மிக நன்றாகச் செய்யும் வேலை.

2000 வாக்கில் பெர்க்லி குழு லாஸ் ஏஞ்சலிஸ் ஃப்ரீவேக்களின் டேட்டாவைப் பார்த்து, அதிகபட்ச ஓட்டம் 60 மைலை ஒட்டிய வேகத்தில்தான் நிகழ்கிறது என்றது. 35, 45 மைலில் போனால்தான் சாலை நிறைய வண்டிகளைக் கடத்தும் என்பது அப்போது பலருடைய எண்ணம். இதில் நான் உறுதியாக எடுத்துக்கொள்வது, ஓட்டம் உச்சத்தைத் தொடுவது அது உடைந்து நெரிசலாவதற்குச் சற்று முன்பு, வண்டிகள் இன்னும் தாராளமாகப் போகும்போதுதான் என்பதை. சரியாக 60 என்ற எண்ணைப் பிடித்து நான் தொங்கிக்கொண்டிருக்க மாட்டேன். காலிச் சாலை வேகத்தை நாமே ஊகித்துப் போட்டோம் என்று மேலே சொன்னது நினைவிருக்கட்டும்.

நெரிசல் எங்கே பிறக்கிறது என்று கண்டுபிடிப்பதில் இந்த டேட்டா கெட்டிக்காரத்தனமானது. அடுத்தடுத்த இரண்டு நிலையங்களில் பின்னால் இருப்பதில் 40 மைலுக்குக் கீழே, முன்னால் இருப்பதில் அதைவிடக் குறைந்தது 20 மைல் அதிகம் என்று தொடர்ந்து சில 5 நிமிடங்களுக்கு இருந்தால், அடைப்பு அந்த இரண்டுக்கும் நடுவில்தான். பல மாதங்களுக்கு இதைத் திரட்டினால் "இந்த வளைவில் எப்போதுமே நெரிசல்" என்ற வாய்வழிப் பேச்சுகள் பல அடிபட்டுப் போகும். ஏனென்றால் ஜனங்கள் வரிசையின் வாலில்தான் அவதிப்படுகிறார்கள், அடைப்பு அங்கிருந்து இரண்டு மூன்று மைல் முன்னால் இருக்கும். நிலையங்களுக்கு இடையே தூரம் அதிகம் என்றால் இடம் அவ்வளவு துல்லியமாகக் கிடைக்காது. நகரத்துக்கு வெளியே சில வழித்தடங்களில் இதைச் செய்து பயனில்லை.

பயண நேரம் கொஞ்சம் தந்திரமானது. இந்த நொடியில் எல்லாத் துண்டுகளிலும் உள்ள வேகத்தை எடுத்து நேரத்தைக் கூட்டினால், உலகம் உறைந்து நின்றால் ஆகும் நேரம் கிடைக்கும். நீங்கள் 7 மணிக்குக் கிளம்பி 15 மைல் தாண்டும்போது மணி 7:20, முன்னே வரிசை வளர்ந்திருக்கும். நெரிசல் கூடும்போது அந்தக் கணக்கு குறைத்துச் சொல்லும், கலையும்போது கூட்டிச் சொல்லும். பழைய டேட்டா கையில் இருந்தால் ஒரு கற்பனை வண்டியைத் துண்டு துண்டாக நகர்த்தி, அது சேர்ந்த நேரத்து வேகத்தை அங்கங்கே பயன்படுத்த வேண்டும். இதை ஆண்டு முழுக்கச் செய்தால் சராசரியைவிடப் பயனுள்ள ஒன்று கையில் வரும்: வழக்கமாக 30 நிமிடம், ஆனால் 20 நாளில் 19 நாள் நேரத்துக்குப் போய்ச்சேர 45 நிமிடம் ஒதுக்க வேண்டும் என்ற மாதிரி. அமெரிக்கக் கூட்டரசு விதிகளும் 2012 போக்குவரத்துச் சட்டத்துக்குப் பிறகு இந்தப் பக்கம் வந்துவிட்டன. ஒரு பகுதியில் 80ஆம் சதமானப் பயண நேரம் (பத்துப் பயணங்களில் எட்டு அதற்குள் முடிந்துவிடும்) நடுமதிப்பைவிட ஒன்றரை மடங்கோ அதற்கு மேலோ இருந்தால் அது நம்பகமற்றது என்று கணக்கு. இதற்கு அவர்கள் பெரும்பாலும் நம்புவது வளையத்தை அல்ல, ஓடும் வண்டிகளின் ஜிபிஎஸ் டேட்டாவை.

அப்படியென்றால் ஜிபிஎஸ்ஸே போதுமே என்று கேட்பீர்கள். அது வேகத்தையும் பயண நேரத்தையும் நன்றாகத் தரும், சாலையை வெட்ட வேண்டியதில்லை, சென்சார் இல்லாத மைல்களிலும் கிடைக்கும். ஆனால் எத்தனை வண்டி போனது என்று அதற்குத் தெரியாது. போகும் வண்டிகளில் ஒரு பகுதியைத்தான் அது பார்க்கிறது, அந்தப் பகுதி நாளுக்கு நாள் மாறும். எண்ணிக்கை இல்லாமல் தாமதத்தின் மொத்தம் வராது, இழந்த கொள்ளளவு வராது. எண்ணிக்கையை வளையத்திலிருந்தும் வேகத்தை ஜிபிஎஸ்ஸிலிருந்தும் எடுத்துப் பொருத்துவதுதான் என் விருப்பம். ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிடும் வரிசையில் நடுவில் மூலத்தை மாற்றினால் மட்டும் அந்த இடத்தில் கோடு போட்டு எழுதிவையுங்கள். இல்லாவிட்டால் டேட்டா மாறியதைச் சாலை மாறியதாக யாரோ ஒருவர் நிச்சயம் எழுதுவார்.

வளையத்தால் முடியாதவையும் உண்டு. அடைப்புக்கு அந்தப் பக்கம் நிற்கும் சென்சார் எண்ணுவது சாலை விட்டது எவ்வளவு என்பதை. வர விரும்பியவர்கள் எத்தனை பேர் என்பது அதற்குத் தெரியாது. அதை வைத்து "தேவை குறைந்துவிட்டது" என்று எழுதுவது துறைக்குள்ளேயே அடிக்கடி நடக்கும் பிழை. ஏறுவழிகளில் சென்சார் பல இடங்களில் இல்லை, அங்கே நிற்பவர்களின் தாமதம் ஃப்ரீவே கணக்கில் வராது. ஏறுவழி சிக்னலால் ஃப்ரீவே வேகம் கூடியது என்று காட்டும்போது இது கண்ணுக்குத் தெரியாமல் போகும். வண்டியில் ஒருவரா நால்வரா என்று வளையத்துக்குத் தெரியாது, அதனால் பலர் சேர்ந்து போகும் வண்டிகளுக்கென்று ஒதுக்கிய கார்பூல் லேனை வண்டிக் கணக்கில் மட்டும் பார்த்தால் அநியாயம் ஆகிவிடும். நெரிசலுக்குக் காரணமும் தெரியாது. நெடுஞ்சாலைக் காவல்துறையின் விபத்துப் பதிவோடு நேரமும் இடமும் பொருத்திப் பார்த்தால் எவ்வளவு தாமதம் விபத்தால், எவ்வளவு அன்றாட அடைப்பால் என்று பிரிக்கலாம், ஆனால் அந்தப் பிரிப்பில் ஊகம் நிறைய உண்டு. இரண்டு ஆய்வாளர்கள் அதே டேட்டாவில் வேறு வேறு பங்கு சொன்னால் ஆச்சரியப்பட வேண்டாம்.

மாற்றத்தை அளப்பதில்தான் இந்தச் சென்சார்கள் தங்கள் விலையை மீட்டுத் தருகின்றன. ஒரு வளையம் எப்போதும் 4 சதவீதம் குறைத்து எண்ணினால் அது நேற்றும் குறைத்தது, இன்றும் குறைக்கிறது, வித்தியாசம் மட்டும் உண்மையாக நிற்கும். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்து மினியாபொலிஸ், செயின்ட் பால் பகுதியில் 2000ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில் ஏறுவழி சிக்னல்களை எல்லாம் சில வாரங்களுக்கு நிறுத்திவைத்துப் பார்த்தார்கள். ஃப்ரீவேயில் கடந்த வண்டிகள் சுமார் 9 சதவீதம் குறைந்தன, பயண நேரம் 22 சதவீதம் கூடியது, விபத்துகள் 26 சதவீதம் கூடின. சிக்னலை எதிர்த்தவர்களும் ஆதரித்தவர்களும் வருடக்கணக்கில் வாதாடியதற்கு அங்கே ஒரு விடை கிடைத்தது. இருந்தும் சில வார அளவீடு என்பதால் ஜனங்கள் நாளடைவில் வழி மாற்றிக்கொண்டிருப்பார்களா என்பது அதில் அடங்காது.

நீங்கள் உங்கள் வழித்தடத்தில் இதைச் செய்யப்போவதாக இருந்தால், முதல் வாரம் வேகம் பக்கமே போகாதீர்கள். நிலையங்களின் பட்டியலை எடுத்து, ஒவ்வொன்றின் இடக்குறிப்பையும் வரைபடத்தில் வைத்து, அது உண்மையிலேயே அந்தப் பாலத்துக்கு இந்தப் பக்கம்தானா என்று பாருங்கள். பிறகு மூன்று மாத எண்ணிக்கையைச் சமன் சோதனைக்கு விடுங்கள். தேறிய நிலையங்களை மட்டும் வைத்து, மைல் ஒரு பக்கமும் மணி ஒரு பக்கமுமாக ஆக்குபன்சியை நிறம் நிறமாக ஒரு படம் போடுங்கள், ஜி-ஃபாக்டர் எதுவும் வேண்டாம். சிவப்புத் திட்டு எங்கே தொடங்கி எப்படிப் பின்னோக்கி நகர்கிறது என்று ஒரு செவ்வாய், ஒரு புதன், ஒரு வியாழன் பார்த்தாலே அடைப்புகளில் முக்கால்வாசி பிடிபட்டுவிடும். திங்களையும் வெள்ளியையும் தனியாக வையுங்கள், அவை வேறு ரகம். வேகமும் தாமதமும் அதற்குப் பிறகு. அப்போதும் எந்த எண்ணை வெளியே கொடுத்தாலும் பக்கத்தில் இரண்டு விஷயங்களை எழுதுங்கள்: எந்த வேகத்தோடு ஒப்பிட்ட தாமதம், அதில் எத்தனை சதவீதம் உண்மையான சென்சார் பதிவு. அந்த இரண்டையும் கேட்டால் சொல்ல முடியாத அறிக்கை யாருடையதாக இருந்தாலும், அதை வைத்து நான் ஒரு லேன் கூடக் கட்ட மாட்டேன்.